ஆத்தூர் பிரிவைத் தாண்டும்வரை

அக்டோபர் 3, 2023

தக்காளி கிலோ நூற்றைம்பதுக்கு ஏறி இறங்கிய வருடம் இது. நிலாவில் நம் ஆட்கள் ஒரு வண்டியைச் சாயாமல் இறக்கிய வருடம். எங்கள் பேகம்பூரே டீக்கடை டிவி முன்னால் நின்று கை தட்டியது. நானும் நின்றேன். தட்டவில்லை. அம்புட்டுத் தூரத்தில் சாயாமல் நிற்கிறது, செம்பட்டி ரோட்டில் என் மகன் ஃபாரிஸ் சாய்ந்தானே என்றுதான் தோன்றியது. அவன் மவுத்தானதும், உயிர் போனதும், இதே வருடம்தான். தை மாதம்.

எனக்கு எழுத்து வராது. இது ஃபாரிஸின் போன். இதில் ஒரு படத்தை அமுக்கிப் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும், தேதியும் போட்டுக்கொள்ளும் என்று பேத்தி சல்மா காட்டிக் கொடுத்தாள். தோல் ஷாப்பில் காலமெல்லாம் வேலை செய்தவன் நான். எந்தத் தோல் எந்தச் சந்தையில் வாங்கியது என்று கேட்டால் இன்றும் சொல்வேன். எல்லாவற்றையும் மனசில் வைத்தே பழக்கம். இப்போது சிலதை மனசில் வைக்க முடியவில்லை.

இன்று இஷாக் வந்தான். ஃபாரிஸின் சிநேகிதன். ஃபாரிஸ் ஓட்டின ரஸ்க் லைனை இத்தனை மாதமாக இவன்தான் ஓட்டி, கிடைத்ததில் பாதியை என் மருமகள், ஃபாரிஸின் பெண்டாட்டி ருக்ஸாரிடம் கொடுத்து வந்தான். பேக்கரியில் ரஸ்க்கும் பன்னும் ஏற்றிக்கொண்டு இங்கிருந்து செம்பட்டி, ஆத்தூர் பிரிவு, வத்தலக்குண்டு வரை டீக்கடை டீக்கடையாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். அதுதான் லைன்.

"கத்தாருக்கு விசா வந்துருச்சு மாமு. மாசக் கடைசியில கெளம்புறேன். முதலாளி வேற ஆளு பாக்குறாரு."

கதவுக்குப் பின்னாலிருந்து மருமகள் குரல் வந்தது. "வேற ஆளு வேணாம்னு சொல்லுங்க. நான் போறேன்."

அக்டோபர் 4

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காலையில் ஃபாரிஸின் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தை மாதத்து மண் அதில் இன்னும் இருந்தது.

அக்டோபர் 6

ஜும்ஆ முடிந்து மூத்தவன் ஹாமித் வந்தான். சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

"அத்தா, நீங்களாச்சும் சொல்லுங்க. மழைக்காலம் வருது. அந்த ரோட்டுல அவனே நிக்கல, இது நிக்குமா? வண்டிய வித்துருவோம். மாசாமாசம் நான் தாரேன்."

ருக்ஸார் தட்டில் வெஞ்சனம் வைத்துக்கொண்டே சொன்னாள்: "மழைக்காலத்துலதான் ரஸ்க் போகும். வெயில்ல யாரு டீயில முக்கித் திங்கிறா?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு எழுந்து போனான்.

பிறந்த வீட்டில் அண்ணன் பைக்கை ஓட்டிப் பழகியவள். கல்யாணமான வருடமே ஃபாரிஸ் லைசென்ஸும் எடுத்துக் கொடுத்தான். ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மழை வேறு. கனம் வேறு.

பக்கத்து வீட்டு ஜீனத் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "புர்காவ சக்கரத்துல சுத்திக்கிடாம ஓட்டச் சொல்லுங்க பாய்" என்றது. கேலியா, அக்கறையா? அந்தம்மாவுக்கே தெரியாது.

அக்டோபர் 12

உடம்பெல்லாம் சேறாக வந்து நின்றாள். முழங்கை சிராய்த்திருந்தது.

பள்ளிவாசலுக்குப் பின்னால் மைதானம் நனைந்து கிடந்ததாம். அங்கே வேண்டுமென்றே பிரேக்கை ஓங்கிப் பிடித்துப் பார்த்தாளாம். முன்பிரேக்கை மட்டும் பிடித்தால் ஒரு மாதிரி, பின்பிரேக்கை மட்டும் மிதித்தால் ஒரு மாதிரி, திரும்பும்போது பிடித்தால் படுத்தே விடுகிறதாம்.

"விழுந்து பாத்தாத்தான மாமா தெரியும், எதுல விழுவோம்னு? ரெண்டையும் சேத்து, மெல்ல மெல்லப் புடிச்சா ஒண்ணும் செய்யல. திரும்புறதுக்கு முன்னாடியே வேகத்தக் கொறச்சிரணும்."

பின்டயர் மொட்டையாகிவிட்டதாம். கையில் கிடந்த ஒற்றை வளையலைக் காணோம். புது டயர் வந்துவிட்டது.

அக்டோபர் 17

இன்று நான் பைக்கில் ஏறினேன்.

ரஸ்க் பெட்டி இல்லாமல் ஓட்டுவது ஒன்று, பெட்டியோடு ஓட்டுவது ஒன்று என்று காலையிலிருந்து முனகிக்கொண்டிருந்தாள். கனத்தோடு ஈர ரோட்டில் பிடித்துப் பார்க்க வேண்டும், சல்மாவை உட்காரவைக்க மனசு வரவில்லை. வானம் மூட்டம் போட்டிருந்தது. வாய் என்னையறியாமல் சொல்லிவிட்டது: "பெட்டிக்குப் பதிலா நான் உக்காரட்டா?"

தைக்குப் பிறகு நான் எந்தப் பைக்கிலும் ஏறவில்லை. ஃபாரிஸின் மய்யித்தைத் தூக்கிப் போனபோதுகூடப் பின்னால் நடந்துதான் போனேன்.

பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஊர் தாண்டினதும் தூற்றல். உடனே ஒரு கடை ஓரம் நிறுத்திவிட்டாள்.

"பயந்துட்டியா?"

"இல்ல மாமா. மழை ஆரம்பிச்ச செத்த நேரந்தான் மோசம். ரோட்டுல உள்ள எண்ணெயும் தூசியும் குழஞ்சு மேல வந்துரும். நல்லாப் பேஞ்சு கழுவட்டும், போவோம்."

டீ குடித்தோம். ரோடு கழுவிக்கொண்டது. பிறகு கிளம்பினாள். முன்னால் போகிற லாரியை நெருங்காமல், அதன் சக்கரம் தண்ணீரை ஒதுக்கிவிட்டுப் போன தடத்திலேயே ஓட்டினாள். ரோட்டில் போட்டிருக்கிற வெள்ளைக்கோட்டின் மேல் ஏறவில்லை. தேங்கின தண்ணீரைக் கண்டால் விலகினாள், அடியில் பள்ளமிருந்தால் யாருக்குத் தெரியும்.

"மூச்ச விடுங்க மாமா. நீங்க புடிச்சு வச்சிருக்க மூச்சு ஒரு பொட்டி கனம் இருக்கு."

ஆத்தூர் பிரிவுக்கு முன்னாலேயே வண்டியைத் திருப்பிவிட்டாள். ஃபாரிஸ் விழுந்த இடம் அதைத் தாண்டித்தான்.

அக்டோபர் 18

இதை ருக்ஸாரிடம் சொன்னதில்லை. ஹாமிதிடமும் இல்லை.

ஃபாரிஸ் வெறும் மழையில் வழுக்கவில்லை. அன்று ஆத்தூர் பிரிவைத் தாண்டி ரோட்டில் கொள்ளுக் கொடியைப் பரப்பிப் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்தால் கொள்ளு உதிரும், அடிக்கிற கூலி மிச்சம். காய்ந்திருக்கும்வரை யாருக்கும் ஒன்றுமில்லை. அன்று தையில் பெய்யாத மழை பெய்தது. ஈரக் கொடி வழவழவென்று சக்கரத்தை வாரிவிட்டது. பின்னால் வேறு வண்டியில் வந்த இஷாக் பார்த்தான். என்னிடம் மட்டும் சொன்னான். போலீஸ் காகிதத்தில் மழை என்றுதான் எழுதினார்கள்.

போட்டவன் யார் என்றும் சொன்னான். சுருளிவேல்.

சுருளியை எனக்கு எத்தனை வருடமாகத் தெரியும்! தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும். அதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஷாப்புக்கு வருகிறவன் அவன். பட்டையை எடை போடுகிறவர் முத்துக்கிருஷ்ணன். இறக்குகிறவன் நான். இறக்கும்வரை வாயாடிக்கொண்டே இருப்போம். எனக்குச் சோறு கொண்டுவரும் அம்மாவோடு ஃபாரிஸும் ஷாப்புக்கு வருவான், அப்போது நாலு வயசு. பட்டை வண்டியில் ஏறணும் என்று அழுவான். நாங்கள் மூன்று பேரும் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கிப் பட்டைக் குவியலின் மேல் உட்காரவைப்போம். "போ, போ" என்று மாட்டை விரட்டுவான். அவன் முதன்முதலில் ஏறின வண்டி அது.

ஃபாரிஸ் போன மூன்றாம் நாள், வீட்டில் பாத்திஹா ஓதினபோது, சுருளி வந்து சந்து முனையில் நின்றான். துண்டை இடுப்பில் கட்டியிருந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன். செத்த நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான்.

அவளிடம் சொன்னால் அவளும் தினம் அந்த வழியில் ஒருத்தனை வெறுத்துக்கொண்டே ஓட்ட வேண்டும். வண்டி ஓட்டுகிறவளுக்கு அது ஆகாது. என்னோடு போகட்டும்.

நவம்பர் 1

முதல் நாள். தகரப்பெட்டி இரண்டையும் நான்தான் கயிறு போட்டு இறுக்கினேன். படுதாவை அவளே போர்த்தினாள். விடியற்காலைப் பாங்கு சொல்லி முடிந்ததும் கிளம்பினாள். மதியம் லுஹர் தொழுகைக்குத் திரும்பிவிடுவேன் என்றாள். திரும்பினாள். நடுவில் நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை.

நவம்பர் 9

அடித்து ஊற்றுகிறது. லுஹர் போய் சாயங்கால அஸரும் போயிற்று. போன் அடித்தேன், எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது எடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லியிருந்தாள், இருந்தாலும். ஹாமித் வந்து வாசலில் நின்று என்னை ஒரு பார்வை பார்த்தான்.

வந்துவிட்டாள். செம்பட்டியில் மழை விட்டுத் தெளியும்வரை ஒதுங்கி நின்றாளாம். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. பெட்டியைத் திறந்து காட்டினாள். மிச்சமிருந்த ரஸ்க்கில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

"நான் நனஞ்சா காயப்போட்டுக்கலாம். இத காயப்போட முடியுமா?"

ஹாமித் ஒரு ரஸ்க்கை எடுத்துக் கடித்தான்.

நவம்பர் 14

சாப்பிடும்போது சொன்னாள்.

"ஆத்தூர் பிரிவு தாண்டி ஒரு பெரியவரு மாமா. தூறல் போட்டா வந்துர்றாரு. தலையில சாக்குக் கொங்காணி. கையில ஒரு கவைக்கம்பு. ரோட்டுல கெடக்குற தழை, செத்தை எல்லாத்தையும் ஓரமாத் தள்ளுறாரு. வண்டி வந்தா கையக் காட்டி, மெதுவா தாயி, மெதுவான்றாரு. எல்லா வண்டிக்கும். பஸ்காரன் வையிறான், கெழட்டுப்பய பைத்தியம்னு."

"ம்."

"பாவமா இருக்கு. இன்னைக்கு ஒரு பன்னு குடுத்தேன். வாங்க மாட்டேன்னுட்டாரு."

தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன்.

நவம்பர் 15

பன்னை வாங்கவில்லை. அப்படியென்றால் இவள் யார் என்று சுருளிக்குத் தெரியும்.

நவம்பர் 24

ஜும்ஆ தொழுதுவிட்டுப் பஸ் ஏறினேன். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. கேட்க வேண்டியதை ஒன்றொன்றாக மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன். ரோடுன்னா உங்க வீட்டுக் களமா? மழை விழுந்த உடனே அள்ளணும்னு தோணலயா? என் வீட்டுப் பிள்ளை கொள்ளுப் பயறை விடவும் கேவலமா?

பிரிவில் இறங்கி நடந்தேன். தூறிக்கொண்டிருந்தது. சுருளி நின்றுகொண்டிருந்தான். இளைத்துப் பாதியாகியிருந்தான். என்னைக் கண்டதும் சாக்கைத் தலையிலிருந்து எடுத்துவிட்டான்.

"வாங்க பாய்."

"என்னத்துக்கு இங்க நிக்கிற?"

"வேற எங்க நிக்க?"

அடுக்கி வைத்ததில் ஒன்றும் வாய்க்கு வரவில்லை. ஒரு லாரி போய் எங்கள் இரண்டு பேர் மேலும் தண்ணீரை வாரி இறைத்தது.

"அள்ளத்தான் ஓடியாந்தேன் பாய்" என்றான். "பாதி அள்ளிட்டேன். பாதிதான் கெடந்துச்சு. அந்தப் பாதியில வந்துருச்சு பிள்ள."

கவையால் ஒரு தழையை ஓரம் தள்ளினான்.

"அது யாருன்னு தூக்கும்போதுதான் பாத்தேன். பட்டை வண்டியில நாம தூக்கி வச்ச பிள்ளையாச்சே."

"சாக்கப் போடு" என்றேன். "நனையுற."

அவன் போட்டுக்கொள்ளவில்லை. நான் வாங்கி அவன் தலையில் போட்டுவிட்டேன். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அது என் வாயால் வரவில்லை. பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றேன். அம்புட்டுத்தான்.

டிசம்பர் 19

இரண்டு நாளாக விடாத மழை. ருக்ஸார் லைனுக்குப் போகவில்லை. "பன்னண்டு கடைக்காரனும் ஒரு நாள் ரஸ்க் இல்லாம டீ குடிக்கட்டும். ரோடு தெரியாதப்ப வண்டிய எடுக்குறது தைரியம் இல்ல மாமா" என்றாள். ஹாமித் இருந்தான். அவன் கேட்க வேண்டுமென்றுதான் சத்தமாகச் சொன்னாள்.

டிசம்பர் 27

"நாலஞ்சு நாளா அந்தப் பெரியவரக் காணோம்" என்றாள். "இருமலாம். பொஞ்சாதி சொல்லுச்சு."

பொஞ்சாதியிடம் பேசுகிற அளவுக்கு எப்போது பழக்கம்?

ஜனவரி 9, 2024

சுருளிவேல் செத்துப்போனான். ருக்ஸார்தான் லைனிலிருந்து சேதியோடு வந்தாள். காலிப் பெட்டிகளை இறக்கி வைத்தாள். வண்டியை நிறுத்தவில்லை.

"ஏறுங்க மாமா. துட்டிக்குப் போயிட்டு வந்துருவோம்."

நான் அவளையே பார்த்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றாள். "அவரு பொஞ்சாதி கருப்பம்மா போன மாசமே சொல்லிருச்சு. கால்ல விழ வந்துச்சு, நான் விடல. உங்கட்ட சொல்லிக்கிடல. தெரிஞ்சா நீங்க தாங்க மாட்டீங்கன்னு. நீங்க அங்க வந்து நின்னத இன்னைக்குத்தான் சொல்லுச்சு."

ஒரே வீட்டில் ஒரே சட்டியில் தின்றுகொண்டு, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் இதைச் சுமந்திருக்கிறோம்.

ஏறினேன். செம்பட்டியில் தூறல் பிடித்தது. வழக்கம்போல நிறுத்தினாள், ரோடு கழுவின பிறகு எடுத்தாள். ஆத்தூர் பிரிவு வந்தது. இந்தத் தடவை திருப்பவில்லை. எப்போதும் அந்த இடத்தில் பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடிக்கொள்வேன். இன்று மூடவில்லை. கொள்ளு எடுக்கிற நாள்தான், மற்ற வருடமென்றால் ரோடெல்லாம் கொடியாகக் கிடக்கும். ஒரு தழை இல்லை. வெறும் ஈரத்தார்.

ஆள் நிற்காத அந்த இடத்திலும் ருக்ஸார் வேகத்தைக் குறைத்தாள்.

கருப்பம்மாள் என்னைக் கண்டதும் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னது இதுதான்: "இந்தத் தடவ ரோட்டுல போட விடல பாய். அக்கம்பக்கத்துக்காரகளையும் விடல. சண்டை. இருமிக்கிட்டே வாசல்ல உக்காந்து கம்பால அடிச்சாரு. அந்தா குமிஞ்சு கெடக்கு பாருங்க."

கிடந்தது. சின்னக் குவியல்.

அவன் முகத்தைப் பார்த்தேன். மன்னித்தேன் என்ற சொல் வந்ததா என்று போனே, நீ கேட்காதே. மாலை போடுகிற வழக்கம் எனக்கு இல்லை. அவன் சாக்கு வாசலில் நனைந்து கிடந்தது. எடுத்து உதறித் துணிக்கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

திரும்பும்போது நல்ல மழை. வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் தெரிந்தது, வழியெல்லாம் கம்பியைப் பிடிக்காமலே வந்திருக்கிறேன்.

அந்தப் பிள்ளையைப் பட்டை வண்டிமேல் தூக்கி வைத்தது மூன்று பேர். முத்துக்கிருஷ்ணன் கொரோனாவில் போனார். சுருளிவேல் இன்று போனான். மிச்சம் இருப்பது நான், ரஹ்மத்துல்லா.