நீ கரண்டி கழுவிய மூலையில் கீரை

என் அப்பாவுக்கு,

முளைத்துவிட்டது அப்பா. வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குப் பின்னால் கொத்துக் கரண்டியும் சாந்துச் சட்டியும் கழுவுவாயே, அந்த மூலையில்தான். இத்தனை வருஷச் சிமென்ட் தண்ணீர் பாறையாக இறுகிக் கிடந்த இடத்தில் கீரை.

நீ கண்ணை மூடின பிறகு வீட்டு ஓனர் அந்த இடத்தை மூடித் தன் வண்டியை நிறுத்தப்போவதாகச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டால்கூட வாய் திறக்காதவள் நான். ஒன்பதாவதோடு நின்றபோதும் டீச்சரிடம் நீதான் வந்து சொன்னாய். இப்போது யார் பேசுவது? கதவைப் பிடித்துக்கொண்டே, "அங்கிள், ஒரு மாசம் கொடுங்க. கீரை போடுறேன். வரலைன்னா மூடிக்குங்க" என்றேன்.

"சிமென்ட்ல கீரை வருமா? சும்மனே யாக்கம்மா கஷ்டம்?" என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிச் சிரித்தார். ஆனாலும் சரி என்றார்.

உன் கடப்பாரையால் உடைத்தேன். ஓடு ஓடாகப் பெயர்ந்தது. அடியில் நல்ல செம்மண் இருந்தது உனக்குத் தெரியுமா? வெள்ளைக் கட்டிகளைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, உன் மணல் சல்லடையில் மண்ணைச் சலித்து, மக்கிய சாணம் கலந்து விதைத்தேன். அதோடு விட்டிருக்கலாம். நீ பூச்சு தேய்க்கிற கட்டையை எடுத்து, மேலே கண்ணாடி மாதிரி தேய்த்துவிட்டேன்.

ஊற்றின தண்ணீர் மேலேயே நின்றது. காய்ந்ததும் இறுகிப்போனது. பத்து நாளாகியும் ஒன்றும் வரவில்லை. அம்மா வந்து பார்த்தாள்.

"மேஸ்திரி மக இல்ல? விதைக்கு மேல தரை போட்டு வெச்சிருக்கா."

நீ போன பிறகு அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

திரும்பக் கொத்தினேன். இந்த முறை சலிக்கவில்லை. காய்ந்த இலையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே கிளறி, பொலபொலவென்று விட்டேன். விதை மேல் ஒரு பிடி மண் தூவியதோடு சரி. நாலாம் நாள் காலையில் மூலை முழுக்கச் சிவப்பும் பச்சையும்.

மாசக் கடைசியில் ஓனர் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் போகவில்லை. "பாருங்க அங்கிள்" என்றேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார், ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டார். "வண்டி ரோட்லயே நிக்கட்டும் விடும்மா" என்றார்.

அடுத்தது அவரைக்காய். உன் தூக்குக்குண்டு நூலைக் கட்டித்தான் கொடியை ஏற்றப்போகிறேன். கொஞ்சம் கோணலாகப் போனால் திட்டாதே. இனிமேல் கேட்க வேண்டியதை நானே கேட்பேன் அப்பா, சத்தியம்.

நீ வாயில்லாப் பூச்சி என்று கூப்பிட்ட உன் மகள்,
மீனா
ஜோகுபாளையம்