உன் அப்பா காட்டிய ஒற்றை விரல்

அல்தாகிராசியா மாதா துணை
சான் பெத்ரோ, ஜூலை

அன்பு மகன் யோவன்னிக்கு,

இராயப்பர் திருநாள் ஆட்டத்தன்று நம் வீட்டிலிருந்து மைதானத்துக்குப் பார்க்கப் போனவர்கள் நானும் உன் அக்கா யோகாஸ்தாவும் மட்டும். களத்தில் உன் அப்பாவும் உன் ஞானத்தகப்பன் தெயோபிலோவும். வேறு யார் உனக்கு என்ன சொல்லியிருந்தாலும் அவர்கள் கேள்விப்பட்டதைச் சொல்லியிருப்பார்கள், பார்த்தவர்கள் நாங்கள். நீயும் உன் பெண்சாதி தாமாரிசும் நலமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், பூசைக்குப் போகிறோம், அந்த மட்டில் நலம். நீ வடக்கே ஆடிச் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் ஐஸ்பெட்டியைப் பழுது பார்த்தாயிற்று, மீதியைத் தொடவில்லை. போனில் சொல்லலாம் என்றால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது மகனே.

பங்குப் பள்ளிக்கூடத்தின் கூரைக்குப் பணம் சேர்க்கப் பழைய பேஸ்பால் ஆட்டக்காரர்கள் ஆடிக்கொடுத்த ஆட்டம் அது. ஒலிபெருக்கியில் உன் அப்பாவை மதில் எவாரிஸ்தோ என்று கூப்பிட்டதும் சனம் முழுக்க எழுந்து நின்றது, எனக்கும் கண் கலங்கியது, பொய் சொல்ல மாட்டேன். கரும்பாலைக் குடியிருப்பில் பால் அட்டைப்பெட்டியை மடித்துக் கையுறையாக்கி ஆடிய மனிதர், வடக்கே போய், கேட்சராக மட்டை பிடித்தவன் முதுகுக்குப் பின்னால் வருடக்கணக்கில் குந்தியிருந்தார், அவரைத் தாண்டி ஒரு பந்து போகாது என்று வெள்ளைக்காரனே எழுதினான். எதிரணியில் எவனுக்கு எந்தப் பந்து ஆகாது என்று எல்லாம் தலைக்குள்ளேயே வைத்திருப்பார், நான் அரிசி பருப்புக் கணக்கு வைத்திருப்பதுபோல. அதைப் பார்த்துத்தான் என்ன பந்து போட வேண்டும் என்று வீசுகிறவனுக்கு விரலால் காட்டுவார். வீட்டுக்கு வந்தது இரண்டு கோப்பையும், கோணிப்போன விரல்களும். சட்டைப் பொத்தானை இன்றைக்கும் நான்தான் போட்டுவிடுகிறேன். தலைக்கு என்ன ஆயிற்று என்று அப்போது யாரும் பார்க்கவில்லை.

ஆட்டத்தின் நடுவில் தெயோபிலோ வீசிய பந்து நேராக வந்து உன் அப்பாவின் முகக்கூண்டில் அடித்தது. அவர் உட்கார்ந்தபடியே பின்னால் சாய்ந்தார். பிறகு எழுந்து, ரெண்டு விரல் காட்டினேனேடா குருட்டுப்பயலே, வளைச்சுப் போடுறதுக்கு என்ன கேடு உனக்கு என்று கத்தினார். சனம் சிரித்தது. தெயோபிலோவும் தொப்பியைக் கழற்றி, வயசாயிடுச்சு மாப்ளே, கண்ணாடி மாத்தணும் என்று சொல்லிச் சிரித்தார். நானும் அதை நம்பி அன்று சாயங்காலம் அவருக்கு ஒரு கிண்ணம் சங்கோச்சோக் குழம்பு குறைவாகத்தான் ஊற்றினேன். உன் அப்பா தெருமுனைக்கு டோமினோ ஆடப் போன பிறகு அவர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். கிண்ணத்தைக் கீழே வைக்கவே இல்லை.

"தங்கச்சி, அவன் காட்டினது ஒரு விரல்தான். வேகமா போடுன்னு கேட்டான், போட்டேன். கை சுழன்ற பிறகு பார்க்கிறேன், கையுறையை மண்ணுல வச்சுக்கிட்டு வளைபந்துக்குக் காத்திருக்கான். தான் என்ன கேட்டோம்னே அவனுக்குத் தெரியலை."

அப்படியென்றால் ஏன் எல்லார் முன்னாலும் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். அவனை நிற்க வச்சு அதைச் சொல்ல என்னால முடியாது என்றார். அதற்குப் பிறகு நான் கவனிக்க ஆரம்பித்தேன், கவனிக்காமலே இருந்திருக்கலாம். டோமினோவில் யார் எந்தக் கட்டையை வைத்தார்கள் என்று மறந்துவிடுகிறார், கூட்டாளிகள் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார்கள். வானொலிக்காரன் வந்து கோப்பை ஜெயித்த கடைசிப் பந்தைப் பற்றிக் கேட்டான், சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் சொன்ன கதை, பாதியில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். வளைபந்து என்று நான் எடுத்துக்கொடுத்தேன். வானொலிக்காரன் ஏதோ புருஷன் பெண்சாதி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

தலைநகரத்துக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினோம். ஒரே அடியில் வந்தது இல்லையாம், வருடக்கணக்காகச் சேர்ந்த சின்னச் சின்ன அடிகளாம், இனிமேல் ஒன்றுகூடப் படக்கூடாதாம். இவரோ ஆகஸ்டு மாதம் விடுதலைத் திருநாள் ஆட்டத்துக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, மார்க்கவசத்துக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறார். யோகாஸ்தா அழுது பார்த்தாள், சாமியார் வந்து பேசிப் பார்த்தார். நேற்று நான் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். அப்போது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"யோவன்னிக்கு மே மாசம் தலையில இதைவிடப் பலமா பட்டுச்சு. வெளிச்சம் பார்க்க முடியாம திரையை மூடிக்கிட்டுப் படுத்தான், அணிக்காரங்ககிட்ட காய்ச்சல்னு சொல்லுடான்னு நான்தான் போன்ல சொல்லிக்கொடுத்தேன். எந்திரிச்சு ஆடலையா அவன்? நான் மட்டும் என்ன, கண்ணாடியா?"

உன்னைக் கோபிக்க இதை எழுதவில்லை. அணியில் உன் கேட்சர் இடத்துக்கு எத்தனை பேர் வாசலில் காத்திருக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும், கேட்சர் பெண்சாதியாக இத்தனை காலம் இருந்தவள் நான். உன்னை வைத்து அவரைத் தடுக்கலாம் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். அவரோ உன்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் களத்துக்குப் போகிறார். நீ வாயை மூடிக்கொண்டு ஆடுகிற வரைக்கும் அவருக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆகையால் அவருக்குப் புத்தி சொல்லு என்று உன்னைக் கேட்கப்போவதில்லை. முதலில் உங்கள் அணி டாக்டரிடம் போ, மே மாதம் பட்டதைச் சொல்லு, அதற்கு முன்னால் பட்டவை இருந்தால் அதையும் சொல்லு. அவர்கள் உன்னை உட்கார வைத்தால் உட்காரு. பிறகு உன் அப்பாவைக் கூப்பிட்டு, நான் சொல்லிட்டேன் அப்பா, உட்கார்ந்துட்டேன் என்று சொல்லு. அதற்குமேல் ஒன்றும் சொல்ல வேண்டாம், கேட்சருக்குக் கேட்சர் சொன்னால் அவருக்கு ஏறும்.

தாமாரிசை இதற்காகத் திட்டாதே, அவள் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பேரும் ஞாயிறு பூசையை விடாதீர்கள். ராத்திரி தலைவலி இருந்தால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறைக்காதே. மாதா உன் தலைமேல் கை வைத்துக் காப்பாள், என் ஆசீர்வாதமும் அங்கேயே இருக்கட்டும். பேனாவைக் கீழே வைக்கவும் பயமாக இருக்கிறது. டாக்டர் என்ன சொன்னார் என்று சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
மினெர்வா