குறைத்த எடை

என்னங்க,

நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

ஹெலிகாப்டரில் மாட்டுவதற்காக எங்கள் தொழிற்சாலையில் கார்பன் இழையில் நாங்கள் செய்த ராக்கெட் ஏவும் குழலை ஒற்றைக் கையால் தூக்கி, "உன் கோபத்தைவிட லேசா இருக்குடி" என்று சிரித்தீர்களே. ராணுவ ஹெலிகாப்டரில் பாரம் குறைந்தால் ஓட்டுகிற உங்களுக்கு நல்லது என்றுதான் கிராம் கிராமாகக் குறைத்தேன். குறைந்த எடைக்கு ஈடாகக் கூடுதல் எரிபொருள் நிரப்பி, உங்களை இன்னும் தூரத்துக்கு அனுப்புவார்கள் என்று தோன்றவே இல்லை.

முன்பெல்லாம் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவீர்கள். இப்போது, "அப்பா எப்பம்மா வருவாரு?" என்கிறாள் மகள். துணி மடிக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

இன்று மேலாளர், "இன்னும் ரெண்டு கிலோ குறைக்க முடியுமாம்மா?" என்று கேட்டார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன்.

முடியும். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

உங்கள்
கோபக்காரி