லேபிள் இல்லாத பட்டன்

ஜூன் 9, திங்கள்
காலையிலேயே புழுக்கம். ரேஷன் கடை, அரவை மில். இரண்டுக்கும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் லாரி ஓட்டியவர். சர்க்கரையில் கண் போய் ஒன்றரை வருஷம். இப்போது போன்தான் துணை. விரல் படும் இடத்தை அது வாய்விட்டுப் படிக்கும். ஒலிப்பதிவு ஆப்பில் மட்டும் எந்தப் பட்டனுக்கும் பெயர் தெரியாது. "லேபிள் இல்லை, பட்டன்." எதைத் தொட்டாலும் அதேதான்.

இன்று பதிவைக் கேட்கிற பட்டன் என்று நினைத்து அழிக்கிற பட்டனைத் தொட்டுவிட்டார். இங்கிலீஷில் ஏதோ கேட்டதாம். சரி கொடுத்துவிட்டார். நித்யாவின் குரல் போய்விட்டது.

மகள் இறந்து இரண்டு வருஷம். அவள் பேசியதாக இருந்தது அந்த ஒரு பதிவுதான்.

"ஏ அம்மணி, புள்ள பேசறதக் காணமே." மூன்று தடவை கேட்டார்.

ஜூன் 10, செவ்வாய்
அவர் சாப்பிடவில்லை. நானும். பால் திரிந்துவிட்டது.

எழுதித்தான் ஆக வேண்டும். பெயரில்லாத பட்டனுக்கு நாமே பெயர் வைக்கலாம். கண் ஆஸ்பத்திரியில் எனக்குக் காட்டிக் கொடுத்தார்கள். இரண்டு நிமிட வேலை. போன மாதமே கேட்டார். "நாளைக்கு வெக்கறேனுங்க" என்றேன். இப்படி எத்தனை தடவை.

ஜூன் 12, வியாழன்
சேலம், செவ்வாய்ப்பேட்டை. போன் கடை. பஸ்ஸில் நின்றபடியே போனோம். கடைக்காரப் பெண் அரை மணி நேரம் பார்த்தாள். "அழிஞ்சது அழிஞ்சதுதாங்கக்கா. எடுக்க முடியல."

பிறகு ஏதோ அப்டேட் போட்டாள். இனி பெயரில்லாத பட்டனில் விரல் வைத்தால், அதிலுள்ள படத்தைப் பார்த்துப் போனே ஊகித்துச் சொல்லுமாம். ஒலிப்பதிவு ஆப்பில் வைத்துப் பார்த்தார். "குப்பைத்தொட்டி" என்றது.

சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமுல்ல." போனிடம்தான் சொன்னார்.

ஜூன் 14, சனி
மேகமூட்டம். உளுந்து ஊறப் போட்டேன்.

என்னால்தான் போச்சு என்று சொல்லிவிட்டேன். "தொட்டது நானு. உன்னய என்ன சொல்றது" என்றார். திட்டியிருக்கலாம்.

மதியம் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் பெயர் வைத்தோம். போனின் ஊகம் சிலது தப்பு. மைக் படத்தை பல்பு என்றது. அழிக்கிற பட்டனுக்கு என்ன வைக்க என்று கேட்டேன். "சாக்கிரத, அழிச்சுரும்னு வை" என்றார். அப்படியே வைத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்
திடீர் மழை. கொடியில் கிடந்த துணியெல்லாம் நனைந்துவிட்டது.

இட்லி ஊற்றிக்கொண்டிருந்தேன். அவரே பதிவு பட்டனைத் தேடி அமுக்கி, போனை என் பக்கம் நீட்டினார். வாய்க்கு நேராக இல்லை, தோளுக்கு நேராக.

"ஏதாச்சும் பேசு."

என்னத்தைப் பேச.

"சட்னிக்கு உப்புப் பத்தலீங்க" என்றேன்.

"போதும்" என்று சேமித்துக்கொண்டார்.