தட்டினால் ழகரம்

அக்கா,

நேற்று என் மூன்றாம் வகுப்பில் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். எங்கே அனுப்புவது என்று தெரியாமலே எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சி படிக்கிற பெண் ஒருத்தியை, பாடம் நடத்திப் பழக எங்கள் பள்ளிக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவள் நடத்த, நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து குறை எழுத வேண்டும். குறை கண்டுபிடிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அவள் சொல்வதெழுதுதல் ஆரம்பித்தாள். “மழை” என்றாள். அருமையான ழகரம். சொன்ன கையோடு நடுவிரலை மடக்கி மேசையில் ஒரு தட்டு தட்டினாள். பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் எழுதினார்கள். எனக்குப் பென்சில் ஓடவில்லை.

அவள் பொன்னுத்தாய். நீங்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து வளர்த்த நாற்பது பேரில் ஒருத்தி. நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிவிட்டது. உங்கள் தட்டு மட்டும் பாளையங்கோட்டை வரைக்கும் போய், படித்து, பஸ் ஏறி என் வகுப்புக்கே வந்து நிற்கிறது. எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல்.

உங்கள் நாக்கில் ழகரம் கிடையாது. இதை எழுதும்போது இன்றைக்கும் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை. சங்கரன்கோவிலில் பாதிப் பேருக்கு அது வராதுதான். ஆனால் நீங்கள் வாத்தியாரம்மா. எனக்கோ சின்ன வயதிலிருந்தே சுத்தமாக வரும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று மற்ற டீச்சர்கள் சொல்வார்கள். கொஞ்சம் இல்லை, நிறையவே.

உங்கள் குறைக்கு நீங்களே ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். சுதந்திரத்துக்கு மிட்டாய் கொடுத்த வருஷம், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நீங்கள் சொன்னது அடுத்த அறையில் இருந்த எனக்குக் கேட்டது. நமக்கு நடுவே இருந்தது ஒரு மூங்கில் தட்டிதானே. “இங்கன பாருங்க மக்கா. டீச்சர் நாக்குல ஒரு எளுத்து மட்டும் நிக்க மாட்டேங்கு. அதுக்கு என்ன செய்ய? நான் மேசையைத் தட்டினா அது சிறப்பு ழ. தட்டலைன்னா பள்ளி ள. சரியா?” நாற்பது குரல், “சரி டீச்சர்” என்றன. ஒரு டீச்சர் தன் குறையை ஆறு வயதுப் பிள்ளைகளிடம் இப்படியா சொல்வாள் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்றிலிருந்து “பளம்” என்பீர்கள், டக். “வாளை” என்பீர்கள், டக். நாற்பது சிலேட்டிலும் பழமும் வாழையும் பிழையில்லாமல் இருக்கும்.

என் பெயரும் உங்களுக்கு வராது. அழகம்மை என்ற பெயரை “அளகு” என்று சுருக்கிக்கொண்டீர்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் எது இருக்கிறதோ அதில் ஒரு தட்டு. சுவர், ஜன்னல் கதவு, ஒரு நாள் என் சாப்பாட்டுத் தூக்கு. பெயரைக் கெடுத்ததும் இல்லாமல் தாளம் வேறா என்று மனதுக்குள் கறுவுவேன்.

இதெல்லாம் சின்ன விஷயம். பெரிய விஷயம் அந்த வருஷக் கடைசியில் ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போதுதான் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். குருவிகுளம் பாதையில் இருந்து நடந்து வருகிற கரிசல் காட்டுப் பிள்ளைகள்தான் முக்கியமாக. நீங்கள் ஹெட்மாஸ்டரிடம் போய்ச் சொன்னீர்கள்: “புது டீச்சர் மொகத்தப் பாத்ததும் பயந்து நின்னுருதுக சார். நானும் கூடவே ரெண்டாப்புக்குப் போறேன். ஒரு பிள்ள நின்னாலும் என்னைய கேளுங்க.” அவர் சரி என்றார். மறு வருஷம் ஒரு பிள்ளை நிற்கவில்லை. அதற்கு மறு வருஷம் அவர்களோடு மூன்றாம் வகுப்புக்கும் வந்தீர்கள்.

மூன்றாம் வகுப்பு என்னுடையது, அக்கா. அந்த நாற்பது பேருக்காக நான் காத்திருந்தேன். தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு வருஷமாகக் குரல் கேட்டுக் கேட்டே எந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். அவர்கள் வரும்போது நீங்களும் கூடவே வந்து என் மேசையில் சாக்பீஸ் டப்பாவை வைத்தீர்கள். என்னை ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினார்கள். போகும்போது, “மேசையில ஒரு கால் ஆடும், பாத்துக்கிடுங்கக்கா” என்று மட்டும் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருந்தால் சண்டை ஆகியிருக்கும்.

மற்ற டீச்சர்களுக்கு என்ன நடக்கும் என்று உங்களுக்கு மறந்துபோயிருக்கும். ஜூனில் நாற்பது புது முகம். யார் யார் என்று பிடிபடவே ஆடித்தபசு முடிந்துவிடும். எவளுக்கு வீட்டில் அம்மா இல்லை, எவன் பசியில் தூங்குகிறான் என்பது பொங்கலுக்குப் பிறகுதான் தெரியும். தெரிந்து நமக்கும் அவர்களைப் பிடிக்கத் தொடங்கும்போது ஏப்ரல் வந்து எல்லாரையும் அழைத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்கு மட்டும் ஏப்ரல் கிடையாது. விடுமுறை முடிந்த முதல் நாளே நீங்கள், “ஏலே, ஒன் தங்கச்சிக்கு காய்ச்சல் விட்டுட்டா?” என்று கேட்டுக்கொண்டே வகுப்புக்குள் நுழைவீர்கள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் பெயர் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷக் கடைசியில் நானும் ஹெட்மாஸ்டரிடம் போனேன். என் ஒன்றாம் வகுப்போடு நானும் மேலே போகிறேன் என்றேன். அவர் சிரித்தார். “ஒரு அம்மாவுக்கு வழி விட்டாச்சு. நீங்களும் கெளம்பினா இது பள்ளிக்கூடமா, பஸ் ஸ்டாண்டாம்மா?” என்றார். வெளியே வந்தபோது வராண்டாவில் நீங்கள் நின்றீர்கள். “என்னட்டி அளகு, மொகம் ஒரு மாதிரி இருக்கு?” என்று தூணைத் தட்டினீர்கள். அந்தத் தட்டு என் தலையில் விழுந்த குட்டு மாதிரி இருந்தது.

இப்போது நான் சொல்லாமல் விட்டதைச் சொல்லவேண்டும்.

அடுத்த வருஷம் உங்கள் பிள்ளைகள் நான்காம் வகுப்பில் இருந்தபோது இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஜர்ப் பட்டியல்களை எடுத்துக்கொண்டு போனவள் நான். மேசையில் வைத்துவிட்டு, “சார், நாலாம் வகுப்புக்குச் சொல்வதெழுதுதல் மட்டும் நீங்களே போடணும். அந்த டீச்சர் போட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கும்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அவர் போட்டார். நான் வாசலில் நின்று பார்த்தேன். “மழை பெய்தது. உழவர் மகிழ்ந்தார்.” திருத்தமான உச்சரிப்பு. நாற்பது தலையும் நிமிர்ந்து உங்கள் கையைப் பார்த்தன. நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றீர்கள். தட்டியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. முன்வரிசையில் இருந்த மாடசாமி எழுந்து, “சார், இன்னும் தட்டலையே?” என்று கேட்டான். இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை, “உட்கார்ந்து எழுது” என்றார். நான்கு வருஷப் பழக்கம். தட்டவில்லை என்றால் அது பள்ளி ள. நாற்பது சிலேட்டிலும் ஒரே மாதிரி இருந்தது: மளை பெய்தது. உளவர் மகிள்ந்தார்.

உழவர் எல்லாம் உளவர் ஆகிவிட்டார்கள். உண்மையில் அங்கே உளவு சொன்னவள் ஒருத்திதான்.

ஒரே ஆசிரியரிடம் பிள்ளைகளை வருஷக்கணக்கில் விடுவது நல்லதல்ல, ஆசிரியரின் குறை அவர்களுக்கும் வந்துவிடுகிறது என்று அவர் எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. அந்த நியாயத்தை நான் என்ன காரணத்துக்காக அவர் கையில் கொடுத்தேன் என்பதுதான் கேள்வி. ஐந்தாம் வகுப்பு எனக்கு வந்தது. நீங்கள் மறுபடியும் ஒன்றாம் வகுப்புக்குப் போனீர்கள்.

முதல் நாள் காலையில் நீங்கள் என்னிடம் வந்தீர்கள். “ஏட்டி அளகு,” ஜன்னலில் ஒரு தட்டு, “மாடசாமிக்கு எடது காது கேக்காது. மொத வரிசையில உக்கார வையி. பொன்னுத்தாய் பேச மாட்டா, ஆனா எளுதிருவா.” நீங்கள் இன்னும் சொல்லவந்தீர்கள். நான் குறுக்கே விழுந்து, “எல்லாம் எனக்குத் தெரியும்க்கா” என்றேன். என்ன தெரியும் எனக்கு? குரல்தான் தெரியும். மாடசாமி உயரமாக இருந்தான் என்று கடைசி வரிசைக்கு அனுப்பினேன். நீங்கள் சொன்னதைக் கேட்டு நடந்தால் வகுப்பு உங்களுடையது ஆகிவிடும் என்ற எண்ணம்.

ஆனாலும் அது என்னுடையது ஆகவில்லை. “எங்க டீச்சர் அப்படிச் சொல்ல மாட்டாங்க” என்பார்கள், என் முகத்துக்கு நேரே. அப்படியானால் நான் யார்? மணி அடித்தால் தட்டியைச் சுற்றிக்கொண்டு உங்களிடம் ஓடுவார்கள். நான் “கிழவர்” என்றால் என் கையைப் பார்ப்பார்கள். ஒரு நாள், பேசாத அந்தப் பொன்னுத்தாய் வாயைத் திறந்து, “டீச்சர், நீங்க தட்ட மாட்டீங்களா?” என்று கேட்டாள். “மாட்டேன். காதால கேளு” என்றேன். மறுபடி மறுபடி சொல்லவைத்தேன். நாக்கை மேலே மடக்கு, தொடாதே, சொல். பொங்கலுக்குள் முக்கால்வாசிப் பேருக்கு ழகரம் வந்துவிட்டது. அது என் உழைப்பு, அக்கா. அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.

மாடசாமிக்கு வரவே இல்லை. அரைப் பரீட்சையில் சொல்வதெழுதுதலில் அவன் சிலேட்டில் பாதி வார்த்தையே இல்லை. கவனமில்லாதவன் என்று முட்டி போடவைத்தேன். மாசியில் பருத்தி எடுப்பு வந்ததும் நின்றுவிட்டான். நீங்கள் ஒரு சனிக்கிழமை நாலு மைல் நடந்து அவன் காட்டுக்கே போனீர்கள். திங்கட்கிழமை அவன் கையைப் பிடித்து என் வகுப்புக்கு அழைத்துவந்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் முதல் வரிசையில் உட்காரவைத்தீர்கள், வலது காது என் பக்கம் வரும்படி. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தட்டு, நீங்கள் சொல்லமுடியாத ஓர் எழுத்துக்காக மட்டும் இல்லை. அவனால் கேட்க முடியாததை அவன் உங்கள் விரலில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஐந்தாம் வகுப்பை முடித்தான். உங்களுக்காக வந்து முடித்தான், எனக்காக இல்லை. அன்றைக்கும் எனக்கு வந்தது வெட்கமும் பொறாமையும் பாதிப் பாதி.

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அந்த வருஷக் கடைசி நாள், சிலேட்டு துடைக்கப் பிள்ளைகள் கொண்டுவந்த கோவை இலைக் குப்பையை நாம் இரண்டு பேரும் கூட்டிக்கொண்டிருந்தோம். நீங்கள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, “இன்ஸ்பெக்டர்ட்ட யாரோ சொல்லிருக்காவ. சொன்னது தப்பு இல்ல, அளகு” என்றீர்கள். துடைப்பக் கட்டையால் தரையில் ஒரு தட்டு. “என் நாக்குதான தப்பு. நீ பிள்ளைகளுக்கு அந்த எளுத்தக் குடுத்துட்ட. எனக்கு அது போதும்.” நான் குப்பையை அள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு ஆறு வருஷம் ஒரே பள்ளியில் இருந்தோம். நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்து கொடுத்தேன். அப்போதும், சொன்னவள் நான்தான் என்று சொல்லவில்லை.

நேற்றுப் பாடம் முடிந்ததும் பொன்னுத்தாயைப் பிடித்துக்கொண்டேன். “ஒனக்குத்தான் ழ நல்லா வருதே. பெறவு எதுக்குத் தட்டுத?” என்று கேட்டேன்.

“தட்டினேனா டீச்சர்?” என்றாள். பொய் இல்லை. அவளுக்கே தெரியவில்லை.

எனக்கு விட மனமில்லை. “அந்த ழ ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றேன். என் பெயரைச் சொல்வாள் என்று காத்திருந்தேன், அக்கா.

அவள் யோசித்துப் பார்த்தாள். “தெரியலயே டீச்சர். தானா வந்துட்டு போல” என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வருஷம் நாக்கை மடக்கச் சொல்லித் தொண்டை வறண்டவள் நான். அது தானாக வந்ததாம். நீங்கள் விரலால் தட்டிய தட்டு அவள் அறியாமலே அவள் விரலில் இருக்கிறது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தோன்றவில்லை. குறை எழுதும் நோட்டில், ‘சொல்வதெழுதுதலின்போது மேசையைத் தட்டுகிறார்’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன்.

எல்லாரும் போன பிறகு வகுப்பில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் கணக்குப் புரிந்தது. நான் சரியாகச் சொல்லவில்லை, நீ சரியாக எழுதிக்கொள் என்பதுதானே அந்தத் தட்டுக்கு அர்த்தம்? தூணிலும் ஜன்னலிலும் என் சாப்பாட்டுத் தூக்கிலும் எனக்காக எத்தனை தட்டு தட்டியிருக்கிறீர்கள். அந்த நாற்பது பேரோடு ஆரம்பித்து, அவர்கள் போன பிறகும் தட்டிக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் ஏப்ரல் வைக்கவில்லை நீங்கள். நான் அதைக் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, உங்களைக் காட்டிக்கொடுத்தேன்.

உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் குற்றம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் இருக்கிறது போல. இந்தக் கடிதத்தின் கீழே இப்போது பெயர் எழுதினேன். அ எழுதி, ழ எழுதுமுன் என் இடது கை மேசையைத் தட்டியது.

அழகம்மை