கிழக்கு அறை

மார்ச் 4, 2013

நான் சொல்கிறேன், நிவேஸ் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது. இரண்டு கோடு குறுக்கே போடுவேன், அதுதான் கையெழுத்து. அவள் முப்பது வருஷம் இந்த மலையூரில் தபால் சுமந்தவள். "யோவ் எவரிஸ்தோ, மெதுவாச் சொல்லு. நான் நடந்து பழகினவ, எழுதிப் பழகினவ இல்ல" என்கிறாள். இதையும் எழுது என்றேன்.

பக்கத்து வீடு விலைக்குப் போகிறது. செத்துப்போன ஒத்தாவியோவின் வீடு. பேரப்பிள்ளைகள் ரோமில் இருக்கிறார்கள். இன்று மிலானிலிருந்து தொனாத்தா என்று ஒரு அம்மாள் பார்க்க வந்தாள். நிலவறையைப் பார்த்ததும் "இதுக்காகவே வாங்கலாம்" என்றாளாம்.

மார்ச் 7

பக்கத்து வீட்டை அளக்க சர்வேயர் குயின்தோ டேப்போடு வந்தான். அளந்தான், மறுபடி அளந்தான். பிறகு என் கதவைத் தட்டினான்.

"பெரியவரே, நீங்க எந்த ரூம்ல படுக்கிறீங்க?"

கிழக்கு ஜன்னல் அறை என்றேன். தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "மேப்புல அது உங்க ரூம் இல்லியே. பக்கத்து வீட்டோடது."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 8

சாப்பாடு இறங்கவில்லை.

மார்ச் 9

எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது. 1946, திராட்சை பறித்து முடித்த வாரம். எனக்குப் பன்னிரண்டு வயது. நாங்கள் ஏழு பிள்ளைகள் ஒரே அறையில். ஒத்தாவியோவுக்கோ ஒயின் பீப்பாய் வைக்க இடமில்லை. அப்பா எங்கள் நிலவறையை அவருக்குக் கொடுத்தார். அவர் கிழக்கு அறையை எங்களுக்குக் கொடுத்தார். ஒரு வாசலை அடைத்தார்கள், சுவரை உடைத்து ஒரு வாசல் வைத்தார்கள். செங்கல் சுமந்தது நான், நூற்றுப் பதினெட்டு. இரண்டு பேரும் கை குலுக்கி ஆளுக்கொரு கோப்பை குடித்தார்கள். அவ்வளவுதான் பத்திரம். பத்திரம் பதிகிற நோட்டரியிடம் அப்போது யார் போனார்கள்? பாதி ஊர் இப்படித்தான் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கிறது.

மார்ச் 12

மகன் சில்வானோ தூரின் நகரத்திலிருந்து போனில் பேசினான். யார் சொன்னார்களோ.

"அப்பா, ரூமே உன்னோடது இல்லியாமே. இன்னும் எதுக்கு அங்க? எங்களோட வந்து இரு. ஆறாவது மாடிதான், லிஃப்ட் இருக்கு."

நல்ல பையன். அதுதான் பயம். கெட்டவனாக இருந்தால் திட்டிவிட்டு போனை வைத்திருப்பேன். என் அண்ணனும் இப்படித்தான் மகனோடு தூரினுக்குப் போனார். எட்டு மாதம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்தது சவப்பெட்டி.

மார்ச் 13

நிவேஸ், இதை எழுதாதே. இல்ல, எழுது. எனக்குப் பயமா இருக்கு.

மார்ச் 17

அறை அவர்களுடையது என்றால் நிலவறை என்னுடையது, இல்லையா? நிவேஸும் அதைத்தான் கேட்கிறாள்: "பேப்பர்ல இன்னும் உங்கப்பா பேர்லதான இருக்கும்? வாயைத் திறந்து தொலையேன்."

திறந்தால்? அந்த அம்மாள் ஓடிவிடுவாள். ரோம்காரர்கள் கோர்ட்டுக்குப் போவார்கள். வழக்கு முடிய எத்தனை வருஷமோ, அதுவரை சில்வானோ என்னை விட்டுவைப்பானா? திறக்காவிட்டால் அறை போகும்.

மார்ச் 20

சொல்லிவிட்டேன். குயின்தோவின் முகம் வெளுத்துப்போனது.

"ஊரே அதை ‘ஒத்தாவியோ நிலவறை’ன்னுதான சொல்லுது! நானும் இதே ஊர்ல பொறந்தவன்... அதோட தாளை நான் புரட்டிக்கூடப் பாக்கலியே, பெரியவரே."

மார்ச் 23

நிலவறை அப்பா பேரில்தான் இருக்கிறதாம். அதைக் கேட்டு தொனாத்தா தனியாக வந்தாள். அறையைப் பார்க்கலாமா என்றாள். எப்படி மாட்டேன் என்பது? கட்டிலைப் பார்த்தாள், என் மனைவி அல்பாவின் படத்தைப் பார்த்தாள். அடைத்த வாசல் எங்கே என்று கேட்டாள். சுவரைத் தொட்டுக் காட்டினேன்.

"வீட்டை வாங்கிட்டுக் கோர்ட்டுக்குப் போனா அறை, நிலவறை ரெண்டுமே எனக்குக் கிடைக்கலாம்னு வக்கீல் சொல்றார். நீங்க என்ன சொல்றீங்க?"

"எனக்குச் சட்டம் தெரியாதும்மா. இங்கேருந்து என்னைக் கிளப்பினா செத்துருவேன்."

இப்படியா சொல்வது, முன்பின் தெரியாத பெண்ணிடம்? அவள் போய்விட்டாள்.

ஏப்ரல் 2

ஒரு தகவலும் இல்லை.

ஏப்ரல் 18

கடிதம் வந்தது. இருபத்தாறாம் தேதி நோட்டரியிடம் வரவேண்டும், கையெழுத்துப் போடத் தெரியாததால் இரண்டு சாட்சிகள் வேண்டும். எதற்கு என்று இல்லை. நிவேஸை மூன்று தரம் படிக்கச் சொன்னேன். மூன்று தரமும் இல்லை.

ஏப்ரல் 26

ரோம் பேரப்பிள்ளைகளும் வந்திருந்தார்கள். பத்திரத்தை நோட்டரி உரக்கப் படித்துக் காட்டித்தான் ஆகவேண்டும், அது சட்டம். கண்ணை மூடிக் கேட்டேன். பரிமாற்றம் என்று படித்தார். நிலவறை அந்த வீட்டோடு சேர்த்து தொனாத்தாவுக்கு. அறை எனக்கு. "மேற்கு ஜன்னல் உள்ள அறை" என்றார்.

"நிறுத்துங்க. கிழக்கு."

எல்லோரும் குயின்தோவைப் பார்த்தார்கள். அவன் தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"இவரையே சர்வேயரா வச்சிருக்கலாம்" என்றாள் தொனாத்தா.

இரண்டு கோடும் போட்டேன். ஒன்று தாளை விட்டு மேஜைக்குப் போய்விட்டது. சாட்சிக்கு நிவேஸும் மருந்துக்கடைக்காரரும் கையெழுத்திட்டார்கள்.

மே 11

ஜன்னல் கதவுக்குப் பச்சைச் சாயம் அடித்தேன். கீழே நிலவறை வாசலிலிருந்து தொனாத்தா கத்தினாள்: "ஐயா, என் தலையில சொட்டுது!"

"தள்ளி நில்லும்மா" என்றேன். இன்னொரு கதவு பாக்கி இருந்தது.