ஆறாம் பாகம் வரும்வரை

ஜூன் 4

என் மருமகளுக்கு,

இங்கே எல்லாம் நலம். நீ நலமா என்று கேட்டால் "நல்லா இருக்கேன் அத்தே" என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. போனில் பேச ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் அழுதுவிடுகிறோம். காகிதம் என்றால் அழுதுவிட்டு வந்து மிச்சத்தை எழுதலாம்.

விஷயம் இதுதான். உங்கள் அறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தால் உள்ளே 'ஈரக்காலடி' நாவல் ஆறு பாகமும் இருக்கிறது. ஒவ்வொரு அட்டையிலும் அதே பையன், சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு, தலை துவட்ட ஒரு துண்டு கொடுக்க ஆளில்லாமல் நிற்கிறான். எங்கள் லேப்புக்கு ரத்தப் பரிசோதனைக்கு வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையில் இதைப் பார்த்திருக்கிறேன். உனக்கு எதற்கம்மா இது? பழைய பேப்பர்காரருக்குப் போடட்டுமா, அனுப்பட்டுமா?

நின்றபடியே ஒரு பக்கம் புரட்டினேன். பெண் தூங்குகிறாள், அவன் ஜன்னல் வழியாக வந்து அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வீட்டுக்குக் கதவு என்று ஒன்று எதற்கு இருக்கிறது?

வேளைக்குச் சாப்பிடு.

அத்தை


ஜூன் 11

அன்புள்ள அத்தைக்கு,

பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

முதல் பாகத்தை வாங்கியது நானில்லை, உங்கள் பிள்ளை. கல்யாணமான புதிதில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கேலிக்காக வாங்கினார். ஆற்றில் மூழ்கிச் செத்துப்போன பையன், மழை பெய்தால் மட்டும் கண்ணுக்குத் தெரிவான். பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி அவனைக் காதலிக்கிறாள். கதை அவ்வளவுதான். பையன் பேசுவதை அடித்தொண்டையிலும் பெண் பேசுவதைக் கீச்சுக் குரலிலும் படித்துக்காட்டுவார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலிக்கும். மூன்று பாகம் அப்படிப் போயிற்று. நாலாவது வந்தபோது படித்துக்காட்ட அவர் இல்லை. தனியாகப் படித்தேன். சிரிப்பு வரவில்லை, அத்தை.

அதன் குறைகள் எனக்குத் தெரியாமலில்லை. 'அவன் கண்கள்' என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவன் வந்தால் பவர் பார்த்தே சொல்லிவிடுவேன், அப்படி என்ன கண் என்று. அந்தப் பெண்ணுக்கும் மண்டையில் ஒன்றும் கிடையாது. இருந்தாலும் முதலிலிருந்து படியுங்கள். நடுவில் பிரித்தால் எதுவுமே அசட்டுத்தனமாகத்தான் தெரியும்.

பிரியமுள்ள மருமகள்


ஜூன் 29

மருமகளே,

உன் பேச்சை நம்பி உட்கார்ந்தேன், மூன்று பாகம் முடிந்துவிட்டது. லேப்பில் ரத்தம் எடுத்த டியூப்களை மிஷினில் சுற்றவிட்டுவிட்டு அது நிற்கும்வரை படிக்கிறேன். நேற்று அது நின்று கூவிக்கொண்டே இருந்திருக்கிறது. டாக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா, மிஷின் இந்தக் கத்து கத்துது, காதுல விழலையா?" என்றார்.

முதலில் சண்டையை முடித்துக்கொள்கிறேன். செத்து அறுபது வருஷமான ஆளுக்குப் பதினேழு வயசுப் பெண்ணிடம் என்ன பேச்சு? "உன் தோழிகளோடு சேராதே" என்கிறான், இவளும் தலையாட்டுகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று இதைப் படித்துக்கொண்டே கையை நீட்டியது. ஊசி குத்தியதே அதற்குத் தெரியவில்லை. என் கை அவ்வளவு லேசு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன், புத்தகத்தின் வேலை என்று இப்போதல்லவா தெரிகிறது! அந்தப் பிள்ளையிடமே கேட்டேன்: "நெஜத்துல ஒருத்தன் வந்து யார்கூடவும் பேசாதேன்னா என்ன பண்ணுவே?"

"போடான்னுடுவேன் ஆன்ட்டி. இது கதை" என்றது. பிள்ளைகள் நம்மைவிட விவரம்தான்.

ஆனால் இதை எழுதினவள் லேசுப்பட்டவள் இல்லை. மூன்றாம் பாகத்தில் மழையே பெய்யாத கோடை வருகிறதே, அப்போது அந்தப் பெண் கழுவின தட்டைச் சத்தமில்லாமல் வைக்கிறாள். சத்தத்தில் அவன் காலடி கேட்காமல் போய்விடுமோ என்று பயம். அங்கே மூடி வைத்துவிட்டேன். பிள்ளை போனதிலிருந்து நானும் டிவியின் சத்தத்தைக் குறைத்தேதான் வைக்கிறேன். எதற்கென்று எனக்கே தெரியாமல் இருந்தது. யாரோ முகம் தெரியாதவள் எழுதி வைத்திருக்கிறாள்.

ஒரு கோபம் மட்டும் தீரவில்லை. அந்தப் பையனுக்கு ஒரு தாய் இருந்திருப்பாளே? "அவன் அம்மா அதன்பின் ஆற்றங்கரைக்கு வரவேயில்லை." மூன்று பாகத்துக்கும் சேர்த்து அவளுக்கு இந்த ஒரு வரிதான். காதலிப்பவளுக்கு மழை வருகிறது. பெற்றவள் எங்கே போவாள்?

அத்தை


ஜூலை 9

அன்புள்ள அத்தைக்கு,

அந்த வரியை நான் எத்தனையோ முறை தாண்டிப் போயிருக்கிறேன். கண்ணில் பட்டதேயில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடையின் பின்னறையில், லென்ஸ் தேய்க்கிற மிஷின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "பவுடர் கண்ல விழுந்துடுச்சு" என்று எல்லாரிடமும் சொன்னேன்.

ஒரு செய்தி இருக்கிறது. எப்படிச் சுற்றினாலும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான், அதனால் நேராகவே எழுதுகிறேன். எங்கள் கடையில் கண் பரிசோதிக்கிறவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஐந்தாம் பாகத்தை வேலைக்கு நடுவே படிக்காதீர்கள். அவனோடு இருப்பதற்காக அந்தப் பெண் ஆற்றில் இறங்கிவிடுகிறாள். கடைக்கு வருகிற பெண்பிள்ளைகள் ஆறு பாகத்திலும் அதுதான் அழகான பக்கம் என்கிறார்கள். அழகுதான். அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

பிரியமுள்ள மருமகள்


ஜூலை 14

கண்ணு,

ஐந்தாம் பாகம் படித்தேன். 'மனப்பாடம்' என்று எழுதியிருக்கிறாய்.

கல்யாணப் பேச்சு பிறகு இருக்கட்டும். நீயும் அப்படி நினைத்தாயா? இப்போதும் நினைக்கிறாயா? எழுதிக்கொண்டிருக்காதே, இதைப் பார்த்ததும் போன் பண்ணு. இரண்டு பேரும் அழுதாலும் பரவாயில்லை.

அத்தை


ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று போனில் "இப்ப இல்ல அத்தே, சத்தியமா இப்ப இல்ல" என்பதற்கு மேல் வாயில் வரவில்லை. மிச்சத்தை இதில் எழுதுகிறேன்.

அவர் போன அடுத்த வருஷம் ஐந்தாம் பாகம் வந்தது. அப்போது நினைத்தேன். தீர்மானமாகவே நினைத்தேன். ஆனால் அந்தப் பெண் தண்ணீருக்குள் கண் திறப்பதோடு புத்தகம் முடிந்துபோகிறது. ஆறாம் பாகம் அடுத்த வருஷம் என்று பின் அட்டையில் போட்டிருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம்! அவளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் நான் எப்படிப் போவது? சிரிக்காதீர்கள். அந்த ஆத்திரத்தில்தான் மறுநாள் எழுந்து பல் தேய்த்தேன். காத்திருந்த வருஷத்தில் இந்த வேலை கிடைத்தது, நாலு பேர் பழக்கமானார்கள், பசிகூட எடுக்க ஆரம்பித்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எவ்வளவோ பெரிய பேச்செல்லாம் பேசினார்கள், ஒன்றும் உள்ளே இறங்கவில்லை. இந்த அசட்டுக் கதைதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தது. அதை எழுதினவளை எங்காவது பார்த்தால் கட்டிப்பிடித்துக்கொள்வேன். அப்புறம் அந்த 'கண்கள்' பற்றியும் கேட்பேன்.

ஆறாம் பாகத்தில் அவள் கரையேறிவிடுகிறாள். படிக்கிறாள், வேலைக்குப் போகிறாள். ஒரு மழையில் அவன் வந்து நிற்கிறான். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். பெண்பிள்ளைகள் எல்லாரும் அந்த முடிவைத் திட்டுகிறார்கள். நானும் திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது இல்லை.

கல்யாணத்துக்குக் கேட்டவரை எனக்குப் பிடித்திருக்கிறது. நான் பதில் சொல்லாததற்குக் காரணம் அவர் இல்லை, நீங்கள்தான். அப்பா அம்மாவைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. சித்தப்பாவுக்கு நான் எப்போதோ முடிந்துபோன கடமை. எனக்கென்று இருப்பது நீங்கள் ஒருவர். சரி என்று சொன்ன மறுநாள் நான் உங்களுக்கு யார், அத்தை?

மருமகள்


ஆகஸ்ட் 2

கண்ணு,

கோபித்துக்கொள்ளக் கூடாது. உனக்கு வியாழக்கிழமை லீவு என்று தெரிந்தேதான் வியாழக்கிழமை உங்கள் கடைக்குப் போனேன்.

யாரென்று சொல்லாமல் கண் காட்ட உட்கார்ந்தேன். கடைசி வரி தெரியவில்லை, குத்துமதிப்பாக எதையோ சொன்னேன். "தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்கம்மா, அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றார். மெதுவான குரல். வலது கண்ணில் புரை விழ ஆரம்பித்திருக்கிறதாம். பார்த்து முடித்த பிறகு நான் யாரென்று சொன்னேன். கையிலிருந்த லென்ஸைக் கீழே போட்டுவிட்டார்.

"வேண்டாம்னு சொல்ல வந்தீங்களாம்மா?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க?"

குனிந்து லென்ஸை எடுத்துத் துடைத்தார். "கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக இந்தக் கண்ணை இப்படியே விட்டுட்டுப் போகாதீங்க. நல்ல கண் டாக்டர் ஒருத்தரை நான் சொல்றேன்" என்றார்.

எனக்குப் பிடித்துவிட்டது. என் பிள்ளை மாதிரி இல்லை. அவன் வாயாடி, இவர் அளந்து பேசுகிறார். மாதிரியாக இருந்திருந்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்திருக்கும்.

நீ சரி சொன்னால் அவர் அம்மாவும் தங்கையும் வந்து பேச வேண்டுமாம். யார் வீட்டுக்கு வருவது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொண்ணு வீடு எங்க வீடுதான், வேற எங்க போவீங்க?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. திருத்திக்கொள்ளவில்லை. பதில் உன்னுடையது, சரி என்றாலும் இல்லை என்றாலும் இந்த வீடு மாறாது.

ஆனால் சரி என்று சொல்வதாக இருந்தால் சீக்கிரம் சொல். உன் சித்தப்பா வீட்டுக்கு உன்னைப் பெண் கேட்டு வந்த அன்று, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து காபி ஆறிப்போச்சு என்று குறை சொன்னவள் நான். பெண் வீட்டுக்காரியாக இருந்து எனக்குப் பழக்கமில்லை. எங்கே நிற்பது, முதலில் யார் பேசுவது, ஒன்றும் தெரியாது.

அவர்கள் வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே நீ வந்துவிடு.

அத்தை